பதினேழாம் அறை வெயில்

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். நடந்த இடம், நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஹோட்டல். ஓய்வு பெற்று கோச்சடையில் வீட்டோடு உட்கார்ந்த பிறகு அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. அதுவும் முன்வாசல் வழியாக. வேலை பார்த்த காலமெல்லாம் எங்களுக்குப் பின்வாசல்தான். பளிங்குப் படியில் கால் வைக்கவே கூசியது.

வரவேற்பறைச் சுவரில் பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்று புதிதாக மாட்டியிருந்தார்கள். ஹோட்டலின் வரலாறு. பழைய போட்டோக்கள், கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத்து. யார் கட்டியது, எந்தெந்தப் பெரிய மனிதர்கள் வந்து தங்கினார்கள், பர்மாத் தேக்கில் செய்த கதவுகள், இரும்புக் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட், எல்லாம் இருந்தது. நான் அதன் முன்னால் நின்று மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை படித்தேன்.

மனைவி பின்னால் வந்து நின்றாள். "என்ன, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா? எட்டாப்போட விட்டத இங்க வந்து முடிக்கப் போறீங்களாக்கும். பந்தி போட்டாச்சு, வாங்க."

நான் தேடியது ஒன்றே ஒன்றுதான். பதினேழாம் நம்பர் அறையைப் பற்றி அதில் ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று. ஒரு வரி கூட இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஆனால் பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கும்போது, இல்லாமல் போனதும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அந்த ஹோட்டல் ஆட்களில் அது தெரிந்தவன் இப்போது நான் ஒருத்தன்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

ஹோட்டலைக் கட்டியவர் ஒரு பஞ்சு வியாபாரி. நான் அவரைப் பார்த்ததில்லை, தலைப்பாகை கட்டிய அவர் படத்துக்குத் தினமும் மாலை மாற்றியதோடு சரி. மதுரை ரயில்வே ஸ்டேஷனில் இறங்கும் வெளியூர் வியாபாரிகளுக்காக முதலில் ஆறு அறைகள் கட்டினாராம். அப்புறம் பருத்தி நல்ல விலைக்குப் போன வருஷங்களில் இரண்டு, மூன்று என்று சேர்த்துக்கொண்டே போனார். பக்கத்து வீட்டை வாங்கி அதையும் இடித்துச் சேர்த்தார். எந்த அறை பூசி முடிந்து பால் காய்ச்சுகிறார்களோ, அந்த அறைக்கு அடுத்த நம்பர். அதனால் எங்கள் ஹோட்டலில் பத்தாம் நம்பருக்குப் பக்கத்து அறை இருபத்து மூன்று. அதற்கு எதிர் அறை ஐந்து. முதல் மாடித் தாழ்வாரத்தின் கிழக்கு மூலையில் பதினேழு, மேற்கு மூலையில் முப்பத்திரண்டு. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அளவு, கதவு, கட்டில் போட்ட இடம் எல்லாம் ஒன்று போல.

புதிதாக வருகிறவர்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் அலைவார்கள். அவர்களைக் கொண்டுபோய் அறையில் சேர்ப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. பரவையிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்களுக்குக் கத்தரியும் வெண்டையும் போட்ட கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பா என்னைத் தோட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவன் வெள்ளாமைக்கு ஆக மாட்டான். மேகம் வந்தாலும் பயப்படுறான், வராட்டியும் பயப்படுறான்" என்று சொல்லி ஹோட்டலில் சேர்த்துவிட்டார். அங்கேயும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். குழாயை அடைத்தேனா என்ற சந்தேகத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி ஓடி வந்த நாட்கள் உண்டு. ஆனால் அறைகளைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. நம்பரை மனப்பாடம் செய்து நான் படிக்கவில்லை, என் கால்தான் படித்திருந்தது. பதினேழு என்றால் மாடிப்படி ஏறியதும் வருகிற மூலை அறை. முப்பத்திரண்டு என்றால் தாழ்வாரம் முழுக்க நடந்து கடைசி. அவ்வளவுதான்.

ஒவ்வொரு கதவிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. அதில் நம்பர். ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாத் தகடுகளையும் திருப்புளி வைத்துக் கழற்றிவிடுவோம். கழற்றும்போதே கதவின் மேல் ஓரத்தில் சாக்பீஸால் நம்பரைச் சின்னதாக எழுதி வைப்போம். பின்கட்டில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வரவேற்பறையில் முதலாளி படத்துக்குக் கீழே சமுக்காளம் விரித்து அடுக்குவோம். தையல்காரனுக்கு மிஷின் போல, டிரைவருக்கு வண்டி போல, ஹோட்டலுக்கு நம்பர்தான் ஆயுதம் என்று கட்டியவர் சொன்னதாகச் சொல்வார்கள். பூஜை அன்று முழுக்க எந்த அறைக்கும் நம்பர் கிடையாது. தங்கியிருப்பவர்கள், "நம்ம கதவு எது தம்பி?" என்று கேட்டபடி பொரிகடலைப் பொட்டலத்தோடு நிற்பார்கள். வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். மறுநாள் காலை தகடுகள் பளபளவென்று கதவுக்குத் திரும்பும். அந்த ஒரு நாள் ஹோட்டலே என் காலை நம்பித்தான் நடந்த மாதிரி எனக்கு ஒரு மிதப்பு.

அந்தக் காலத்தில் தை மாதம் பிறந்தால் நான் இரண்டு பேரை எதிர்பார்ப்பேன். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர், அவர் மனைவி. சௌராஷ்டிரா குடும்பம். அந்த அம்மா மதுரைப் பெண். தெற்கு வாசல் பக்கம் நெசவு வீடு. கல்யாணத்தின்போது வீட்டுக் கூடத்தை முழுக்கத் தறி அடைத்துக்கொண்டிருந்ததால், மாப்பிள்ளையைத் தங்க வைக்க இடமில்லை என்று பெண்ணின் அப்பா இந்த ஹோட்டலில் மூன்று நாள் அறை போட்டாராம். அது பதினேழு. அதிலிருந்து வருஷா வருஷம் கல்யாண நாளுக்கு அதே அறையில் மூன்று நாள் தங்குவார்கள். கோயிலுக்குப் போவார்கள், பெண் வீட்டுக்குப் போவார்கள், சாயங்காலம் ஒரு முழம் மல்லிகையோடு திரும்புவார்கள்.

காலை ஏழு மணிக்கு நான் காப்பி கொண்டுபோனால் பதினேழில் வெயில் நிறைந்திருக்கும். கிழக்கு ஜன்னல். கட்டிலின் கால்மாட்டில் ஆரம்பித்து, படுத்திருக்கும் சேலத்துக்காரர் முகம் வரைக்கும் ஏறும். அந்த அம்மா நாற்காலியை வெயிலில் இழுத்துப் போட்டு ஈரத் தலையை விரித்து உட்கார்ந்திருப்பார். தங்களுக்குள் அவர்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள், என்னிடம் மட்டும் தமிழ்.

"சேலத்துல இவர எழுப்ப நான் தொண்ட கிழியக் கத்தணும் தம்பி. இங்க வெயிலே எழுப்பி விட்ருது. எனக்கு மூணு நாள் லீவு" என்பார்.

அவர் போர்வைக்குள்ளிருந்து, "லீவுன்னா வாய்க்கும் குடு" என்பார்.

"பாத்தியா தம்பி, எந்திரிச்சாச்சு. ஆமா, நீ இன்னும் எல்லாத்துக்கும் பயந்துக்கிட்டேதான் இருக்கியா?"

"கொஞ்சம் கொறஞ்சிருக்குங்கம்மா."

"பொய் சொல்லாத. டம்ளர் ஆடுது."

நான் சிரித்துக்கொண்டே வெளியே வருவேன். அந்த அறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் நான் சிரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

பிறகு முதலாளியின் பேரன்கள் ஹோட்டலை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் மூடிப் போட்டு வேலை நடந்தது. பழைய ஆட்களுக்கெல்லாம் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். வைத்துக்கொண்டது வாட்ச்மேனையும் என்னையும் மட்டும்தான். மெட்ராஸிலிருந்து வந்த புது மேனேஜர் என்னைவிட சின்னவர், நல்ல மனிதர். "எல்லா ரூமும் உங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாங்க. அதுக்காகத்தான் உங்கள வச்சிருக்கோம்" என்று முதல் நாளே சொன்னார். அந்த வார்த்தை எனக்குச் சந்தோஷத்தை விட பயத்தைத்தான் கொடுத்தது. வேறு எதற்காகவும் என்னை வைத்துக்கொள்ளவில்லை என்றுதானே அர்த்தம்.

வேலை முடிந்து ஹோட்டல் திறக்க வேண்டிய நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. தகடுகள் ஒன்றரை வருஷமாகச் சாக்கில் கிடந்து கறுத்திருந்தன. நானும் வாட்ச்மேனும் உட்கார்ந்து கை வலிக்கத் தேய்த்தோம். பூஜை நடந்தது. மறுநாள் மாட்ட வேண்டும். கதவுகளில் சாக்பீஸ் குறி ஏதும் இல்லை, எல்லாம் புதுப் பெயின்ட்.

"போன் லைன் இழுத்தவர்கிட்ட பிளான் இருக்கு. அதப் பாத்து மாட்டிக்கிறீங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

"எனக்கு எதுக்கு சார் பிளான்" என்றேன்.

முதல் மாடிக்கு ஏறினேன். பழைய மாடிப்படியை அடைத்து ஸ்டோர் ரூமாக்கியிருந்தார்கள். புது மாடிப்படியும் லிஃப்டும் மேற்குப் பக்கம் வந்திருந்தன. அது எனக்குத் தெரியும். கட்டும்போது தினமும் பார்த்தவன்தான். ஆனால் என் காலுக்குத் தெரியவில்லை. படி ஏறியதும் மூலை அறை, பதினேழு. முடுக்கினேன். நடுவில் உள்ளதையெல்லாம் எதிர் எதிர் அறை பார்த்துச் சரியாக மாட்டிக்கொண்டு போய், கடைசி மூலையில் முப்பத்திரண்டை முடுக்கினேன். அடைத்த குழாயை மூன்று தடவை பார்க்கிறவன் நான். அன்றைக்கு ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் போன் சோதனை. நான் மேலே பதினேழு என்று போட்ட அறையில் நிற்கிறேன். கீழே இருந்து மெக்கானிக் பதினேழுக்கு அடிக்கிறார். மணி தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் அடிக்கிறது. இரண்டாம் தடவையும் அங்கேதான். மெக்கானிக் பிளானைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்தார்.

"என்னண்ணே, பிளான்படிதான் ஒயர் இழுத்திருக்கேன். எப்படி மாறும்?"

வாங்கிப் பார்த்தேன். கிழக்கு மூலையில் பதினேழு என்று தெளிவாக எழுதியிருந்தது. பழைய மாடிப்படி இருந்த மூலை அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. கீழே மேனேஜர் புது ஆட்களை நிறுத்தி வைத்து, "ரூம் விஷயத்துல எந்தச் சந்தேகம்னாலும் இவரக் கேளுங்க" என்று என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது மாடிக்குக் கேட்டது.

"பிளான் பழசு. லைன மாத்தி விட்ருங்க" என்றேன்.

அவர் மாற்றிவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிஷ வேலை. அப்புறம் கம்ப்யூட்டரில் ஏறியது, கரண்ட் போர்டில் ஏறியது, தீப்பிடித்தால் ஓடுவதற்கு வரைந்து மாட்டிய படத்தில் ஏறியது. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தை மாதம் வருகிற வரைக்கும்.

தை மாதம் சேலத்துக்காரர் தனியாக வந்தார்.

"அம்மா வரலீங்களா?" என்று கேட்டேன்.

"ஆவணியில போயிட்டா, தம்பி" என்றார். குரலில் ஒன்றும் இல்லை, ரயில் லேட் என்று சொல்வது போலத்தான் சொன்னார். "நம்ம ரூம் இருக்கில்ல?"

பதினேழைக் கொடுத்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு மேற்கு மூலைக்கே கூட்டிப்போனேன். மறுநாள் ஏழு மணிக்குக் காப்பி கொண்டுபோனால், லைட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஏ.சி. வந்ததால் ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி மங்கல் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாது, வெளிச்சம் மட்டும் வரும்.

"வெயில் வரலையே தம்பி."

"கட்டடமாக் கட்டிட்டாங்கய்யா, அந்தப் பக்கம்."

அவர் தலையாட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் கீழே இறங்கி வந்து கவுன்ட்டர் முன்னால் நின்றார். "இப்ப வருது தம்பி வெயில். கட்டடம் காலையில மறைக்குமா, சாயங்காலம் மறைக்காதா?" அவர் கேட்ட கேள்வியில் தப்பே இல்லை. நான் ரிஜிஸ்டரைப் புரட்டுவது போல நின்றேன். அவர் போன பிறகு கவுன்ட்டரில் இருந்த பையன்கள், "பெருசு சாயங்காலம் வர வேண்டிய வெயிலக் காலையில தேடுது" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

வீட்டில் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு தகட்டக் கழட்டி மாட்ட எம்புட்டு நேரம் ஆகும்? போய்ச் சொல்லிட்டு மாட்டிர வேண்டியதுதானே."

"தகடு மட்டுமா? கம்ப்யூட்டர்ல ஏறிருச்சு. இப்பச் சொன்னா வேலையே போயிரும்."

"அப்பக் கவலப்பட்டுக்கிட்டே இருங்க. உங்களுக்கு நல்லா வர்றது அது ஒண்ணுதான்."

அந்த வருஷம் முழுக்க ஒரு யோசனை வைத்திருந்தேன். அடுத்த தை மாதம் அவர் வந்தால், பதினேழில் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஏதாவது சொல்லி முப்பத்திரண்டைக் கொடுத்துவிடுவது. காலையில் வெயில் வரும், அவர் சந்தோஷமாகப் போவார், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தடவை அவர் மகன் முன்கூட்டியே போனில் பதினேழுதான் வேண்டும் என்று சொல்லி வாங்கிவிட்டார். முப்பத்திரண்டில் கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பம். என் யோசனை அதோடு போயிற்று.

மகனும் கூட வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், அமைதியானவர். அப்பாவின் கையைப் பிடித்து லிஃப்டில் ஏற்றினார். அப்பா கையை உதறிக்கொண்டதையும் பார்த்தேன். அடுத்த நாள் மத்தியானத்துக்கு மேல் மகன் என்னை லிஃப்ட் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்க அப்பாவ ரொம்ப வருஷமாப் பாக்கறீங்க. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க சார்."

"வீட்ல சின்னச் சின்ன மறதி இருக்கு. கண்ணாடிய எங்க வச்சார்ங்கற மாதிரி. டாக்டர்கிட்டக் கேட்டேன். காலை எது, சாயங்காலம் எதுன்னு குழம்புறாரான்னு கவனிங்கன்னார். வீட்ல அப்படி ஒண்ணும் இல்ல. இங்க வந்து பாத்தா அதேதான். இந்த ரூம்ல வெயில் சாயங்காலம் வருது. அவர் அது காலையிலதான் வரும்னு சாதிக்கிறார். அம்மா அந்த வெயில்லதான் தலை காய வச்சாங்கங்கறார். இனி இவரத் தனியா எங்கயும் அனுப்பறதா இல்ல. கடைக்கும் வர வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். இதுவே இங்க கடைசித் தடவை. நீங்க பழைய ஆளு, சொல்லுங்கண்ணே. பதினேழுல எப்பவாவது காலையில வெயில் வந்திருக்கா?"

இதை விட நேராக ஒருவர் கேட்க முடியாது. ஒரு வார்த்தை போதும். என் வாயில் வந்தது இது:

"சரியா ஞாபகம் இல்லீங்க சார்."

அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் துணிகள் அடுக்கும் அறைக்குள் போய், மடித்து வைத்த போர்வைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி மடித்தேன். எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். வேலை போனால் எட்டாவது படித்தவனுக்கு எங்கே வேலை. அதையேதான் யோசித்தேன். மகன் சொன்னதையும் யோசித்தேன். கடைக்கு வர வேண்டாம், எங்கேயும் தனியாகப் போக வேண்டாம். இரண்டு தகட்டை மாற்றி முடுக்கியதற்கு ஒரு மனிதரை வீட்டுக்குள் உட்கார்த்தி வைக்கப் போகிறார்கள்.

ஐந்து மணிக்குக் காப்பி கேட்டு போன் வந்தது. கொண்டுபோனேன். சாயங்கால வெயில் அறையை நிறைத்திருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"வையி தம்பி. நில்லு கொஞ்சம்."

நின்றேன்.

"உனக்கும் ஞாபகம் இல்லைன்னியாமே."

நான் தட்டைப் பார்த்தேன்.

"பரவால்ல. அத்தன வருஷம் ஆச்சு, எத்தன பேர் வந்து போற இடம். எனக்கு என்னன்னா..." அவர் உள்ளங்கைகளை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். "ரூம் போனாப் போகுது. ஆனா நான் கண்ணால பாத்த மாதிரி இருக்கு. ஈரத் தலை, நாற்காலி, வெயில். அதுவே இல்லைன்னா, அவ சொன்னது, சிரிச்சது எல்லாம் நான் எங்கேர்ந்து கொண்டாந்தேன்? எத நம்பறது, எத விடறதுன்னு தெரியல தம்பி."

அவர் அழவில்லை. கடையில் சரக்கு குறைந்தது எப்படி என்று யோசிக்கிற முதலாளி மாதிரி யோசித்துக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தட்டைக் கட்டில் மேலேயே வைத்துவிட்டேன்.

"அய்யா, காலையிலதான் வெயில் வரும். நீங்க சொன்னது அம்புட்டும் சரி. அம்மா நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்திருந்தாங்க. நான் பாத்திருக்கேன். உங்களுக்கு மாறல. ரூம்தான் மாறிப் போச்சு. மாத்துனது நான்."

திரும்பினால் மகன் குளியலறை வாசலில் துண்டோடு நிற்கிறார். பாதியில் நிறுத்த வழியில்லை. ஆயுத பூஜை, மாடிப்படி, தகடு, போன் மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னேன். போன வருஷம் கவுன்ட்டரில் சிரித்ததைக் கூடச் சொல்லிவிட்டேன். அதை யாரும் கேட்கவில்லை.

மகன் மெதுவாகக் கேட்டார்: "போன வருஷமே தெரியுமா?"

"தெரியும் சார்."

"மத்தியானம் கேட்டேனே."

அதற்குப் பிறகு அவர் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

பெரியவர் எழுந்தார். "எது?" என்று மட்டும் கேட்டார்.

தாழ்வாரம் முழுக்க நடந்து கிழக்கு மூலைக்குக் கூட்டிப்போனேன். முப்பத்திரண்டில் இருந்த கல்யாணக் குடும்பம் உசிலம்பட்டிப் பக்கம். கதவைத் திறந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொல்ல முடியாமல் திக்கினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, "காலையில ஆறு மணிக்கெல்லாம் மண்டபத்துக்குப் போயிருவோம். அப்புறம் தாராளமா வந்து பாருங்க தாத்தா" என்றாள்.

மறுநாள் ஏழு மணிக்கு நான் கதவைத் திறந்துவிட்டேன். கட்டில் மேல் ஜரிகைச் சேலைகளும் பவுடர் டப்பாவும் கிடந்தன. கால்மாட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பழைய நாற்காலி எப்போதோ போய்விட்டது, அந்த இடத்தில் குஷன் வைத்த புது நாற்காலி. பெரியவர் அதை வெயிலுக்குள் இழுத்துப் போட்டார். உட்காரவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன். உள்ளே மகன் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அப்பா பதில் சொன்னார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ரொம்ப நேரம் பேசினார்கள், முக்கால்வாசி அப்பாதான் பேசினார். கடைசியில் மகன் கதவருகே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "மூணு காப்பி கொண்டாங்க" என்றார். இரண்டு பேர்தானே என்று நினைத்துக்கொண்டே போனேன். மூன்றாவது எனக்கு என்று அப்பா சொன்னதாகத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. நின்றுகொண்டே குடித்தேன். நாக்கு வெந்துபோனது.

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா மாட்டினது கூடப் பரவாயில்ல. கெஸ்ட்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?" என்றார். அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இனி எதையும் மாத்த வேணாம். இருக்கிறது இருக்கட்டும்" என்றார். இரண்டு மாதம் நான் தினமும் இன்றைக்கு நிறுத்திவிடுவார்கள் என்றே நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நிறுத்தவில்லை. மேற்கு மூலையில் பதினேழு, கிழக்கு மூலையில் முப்பத்திரண்டு. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அப்படியேதான் இருந்தது.

அடுத்த தை மாதம் ஒரு நாள் காலை ஆட்டோ ஒன்று போர்ட்டிகோவில் வந்து நின்றது. சேலத்துக்காரர் இறங்கினார். நான் அவர் பின்னால் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தேன். பை ஒன்றுதான் இருந்தது.

"சார் வரலீங்களாய்யா?"

"ரெண்டு பேரும் வந்துட்டாக் கடைய யார் பாக்கறது? திங்கக்கிழம ஈரோட்டுல சரக்கு எடுக்கணும், நானே போறேன்னிருக்கேன். மூணு நாள் இங்க, அங்கேர்ந்து நேரா அங்க." சில்லறையை எண்ணி ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "சாருக்கு எப்பவும் பதினேழு, இல்லையா?" என்றாள்.

"முப்பத்திரண்டு" என்றார். "ஏன்னு கேக்காதம்மா. அது பெரிய கத."

நான் பையைத் தூக்கக் குனிந்தேன். அவர் பையை என் கைக்கு எட்டாமல் நகர்த்திக்கொண்டார்.

"நீ வேண்டாம் தம்பி. சாவிய மட்டும் குடு. இந்த ஹோட்டல்ல எந்த ரூம் எங்க இருக்குன்னு உன்னவிட எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, லிஃப்டைப் பார்க்காமல் மாடிப்படியில் ஏறினார்.